ஒரே கட்சி, இரண்டு மூலைகள்

அன்புள்ள ஐயா,

நான் அயோவா மாநிலத்தில், டெஸ் மாய்ன் நகரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். 2014-இல் குடியுரிமை வாங்கினேன். 2016 பிப்ரவரி 1-ஆம் தேதி வாழ்க்கையில் முதல்முறையாக ஜனநாயகக் கட்சியின் காகஸுக்குப் போனேன், அதாவது கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று ஊர்க்காரர்கள் கூடி முடிவு செய்யும் கூட்டத்துக்கு. என்னோடு ஒரே காரில் வந்தவர் என் நெருங்கிய நண்பர். நான் ஹிலாரி கிளின்டன் பக்கம், அவர் பெர்னி சாண்டர்ஸ் பக்கம். அரங்கில் எதிரெதிர் மூலைகளில் நின்றோம். திரும்பி வரும்போது காரிலேயே சண்டை தொடங்கிவிட்டது. "வால் ஸ்ட்ரீட் வங்கிகளில் பேசிக் காசு வாங்கினவங்களுக்கு நீ எப்படி ஓட்டுப் போடலாம்?" என்றார் அவர். "நடக்காத காரியத்தைச் சொல்லி ஆள் சேர்க்கிறவருக்கு நீ எப்படிப் போடலாம்?" என்றேன் நான். கோடைவரை இது வளர்ந்துகொண்டே போனது. நவம்பரில் டிரம்ப் ஜெயித்த இரவு, "எல்லாம் உன்னை மாதிரி ஆட்களால்தான்" என்று அவருக்கு மெசேஜ் அனுப்பினேன். அவர் பொதுத்தேர்தலில் கிளின்டனுக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தார் என்பது மாதங்கள் கழித்து அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. இன்றுவரை விசேஷ வீடுகளில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

என் மகளுக்கு 2028 அக்டோபரில் 18 வயது நிறைகிறது. "நீங்களும் மாமாவும் ஏன்ப்பா பேசிக்கிறதில்லை?" என்று கேட்கிறாள். என் அலுவலகத்தில் குடியரசுக் கட்சிக்காரர்கள் பலர் உண்டு. அவர்களோடு எனக்கு இப்படி ஒரு கசப்பு வந்ததே இல்லை. ஒரே கட்சிக்குள் நடக்கும் சண்டை ஏன் இவ்வளவு கசக்கிறது? பேசாமல் கட்சித் தலைவர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச.,
அயோவா

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த மெசேஜ் பற்றிய வரியை. தான் விரும்பாத ஒருவருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, அவர் தோற்பதையும் பார்த்துக்கொண்டு உங்கள் நண்பர் உட்கார்ந்திருந்தபோது அது அவர் கைக்குப் போயிருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நானும் ஒரு காகஸைப் பார்த்திருக்கிறேன். 2008 ஜனவரி 3. அப்போது அயோவாவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடம். பார்வையாளர் என்று சொன்னதும் உள்ளே விட்டு, சுவரோரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். வெளியே உறைய வைக்கும் குளிர். உள்ளே கோட்டுகளைக் கழற்றி வைக்கக்கூட இடமில்லை. அந்த ஆண்டு அயோவா முழுக்க ஜனநாயகக் கட்சிக் காகஸ்களுக்குச் சுமார் 2,39,000 பேர் வந்தார்கள். 2004-இல் வந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காகஸில் ரகசிய வாக்குச்சீட்டு கிடையாது. ஒபாமா ஆதரவாளர்கள் ஒரு மூலை, கிளின்டன் ஆதரவாளர்கள் ஒரு மூலை, எட்வர்ட்ஸ் ஆதரவாளர்கள் ஒரு மூலை என்று பிரிந்து நிற்பார்கள். தலைகளை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில், வந்தவர்களில் 15 சதவீதம் சேராத குழு தேறாது. அதில் இருப்பவர்கள் வேறு குழுவுக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். அப்போது பெரிய குழுக்காரர்கள் இவர்களைத் தேடி வந்து பேசுவார்கள். அந்த அரை மணி நேரம்தான் காகஸின் உயிர் என்பேன்.

அன்று ஜோ பைடனுக்காக ஒன்பது பேர் நின்றார்கள். பாதிப் பேர் வயதானவர்கள். குழு தேறவில்லை. ஒபாமா மூலையிலிருந்து ஓர் இளைஞர் ஓடி வந்தார். நல்ல பையன், நிறைய விஷயம் தெரிந்தவர். ஆனால் எடுத்ததுமே, "பைடனுக்கு வாய்ப்பில்லை என்று நாங்கள் முதலிலிருந்தே சொன்னோமே" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் கிளின்டன் மூலையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அந்த ஆசிரியைக்குப் பக்கத்து வீடு என்று பிறகு தெரிந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "பைடனிடம் உங்களுக்கு என்ன பிடித்தது?" ஆசிரியை ஐந்து நிமிடம் பேசினார். செனட்டின் வெளியுறவுக் குழுவில் பைடனுக்கு இருந்த அனுபவம், 1972-இல் கார் விபத்தில் மனைவியையும் குழந்தை மகளையும் இழந்தபின் இரண்டு பையன்களை அவர் வளர்த்தது, எல்லாம். அந்தப் பெண்மணி குறுக்கே பேசாமல் கேட்டார். ஒன்பதில் ஆறு பேர் அவரோடு நடந்து போனார்கள்.

அன்று மாநிலம் முழுவதும் ஜெயித்தது ஒபாமா. கிளின்டன் மூன்றாம் இடம். ஆகவே அந்த ஒரு கூடத்தை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. ஆனால் உங்கள் முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அங்கேதான் கிடைத்தது.

மாற்றுக் கட்சிக்காரரோடு பேசும்போது கட்சிப் பெயரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அவர் ஏன் அந்தப் பக்கம் என்று அவரும் விளக்க வேண்டாம், நீங்களும் கேட்க வேண்டாம். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலான பிரைமரியில் அந்த வசதி இல்லை. கருக்கலைப்பு, வரி, துப்பாக்கிச் சட்டம் எல்லாவற்றிலும் இருவரும் ஏறக்குறைய ஒரே பக்கம். அப்படியிருந்தும் நான் இவரைத் தேர்ந்தெடுத்தேன் என்றால், அந்தக் காரணம் என் வாழ்க்கையிலிருந்து வந்திருக்கும். அதனால் வேட்பாளரைக் குறை சொன்னால் அது நேராக ஆதரவாளர் மேல்தான் விழுகிறது. "வால் ஸ்ட்ரீட்டில் காசு வாங்கினவங்க" என்று உங்கள் நண்பர் சொன்னபோது, காசுக்கு விலைபோனவன் என்று உங்களைச் சொன்னதாகத்தானே உங்கள் காதில் விழுந்தது? "நடக்காத காரியம்" என்று நீங்கள் சொன்னபோது, விவரம் தெரியாதவன் என்று அவருக்கு விழுந்திருக்கும்.

2008-இல் இது எவ்வளவு ஆழமாகப் போனது என்பதைப் பார்த்தால் மனம் கனக்கும். கிளின்டன் கூட்டங்களுக்குத் தொண்ணூறு வயது தாண்டிய பெண்கள் வந்தார்கள். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்தது 1920-இல். அதற்கு முன் பிறந்தவர்கள் அவர்கள். ஒரு பெண் ஜனாதிபதியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று வந்தவர்கள். அதே நேரத்தில் சவுத் கரோலினாவில் ஒபாமாவுக்காக வரிசையில் நின்ற கறுப்பினப் பெரியவர்களுக்கு, 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம் நன்றாக நினைவிருந்தது. இரண்டு பக்கமும் காத்திருந்து காத்திருந்து வந்த பக்கம். ஒரே ஆண்டில், ஒரே இடத்துக்கு, இரண்டு பேரில் ஒருவர்தான் போக முடியும். "எங்கள் முறையைத் தட்டிப் பறிக்கிறீர்கள்" என்று இரு தரப்பும் உணர்ந்ததில் பொய் இல்லை. ஜூன் 7-ஆம் தேதி கிளின்டன் விலகும் உரையை நிகழ்த்தியபோது கூட்டத்தில் பலர் அழுதார்கள். அந்த அழுகையை வெறும் தோல்வி அழுகை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கொள்கைச் சண்டை எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு இருவருக்கும் இடையே இருந்த பெரிய வேறுபாடுகளில் ஒன்று மருத்துவக் காப்பீடு. எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வேண்டும் என்றார் கிளின்டன். குழந்தைகளுக்கு மட்டும் கட்டாயம் போதும் என்றார் ஒபாமா. இதைத் தாக்கி ஒபாமா தரப்பு தபாலில் அனுப்பிய துண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, பிப்ரவரியில் ஒஹையோவின் சின்சினாட்டியில் கிளின்டன் வெகுண்டு பேசினார், "வெட்கமாக இல்லையா" என்று. ஆதரவாளர்கள் இதற்காக எத்தனை இரவுகள் சண்டை போட்டார்கள்! 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் பெரியவர்களுக்கும் அந்தக் கட்டாயம் இருந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே கிளின்டன் அவருடைய வெளியுறவு அமைச்சராகிவிட்டார். ஆசிரியையின் மூலை கலைந்துபோன பைடன், துணை ஜனாதிபதி.

தலைவர்கள் இப்படிச் சேர்ந்துகொள்வது புதிதில்லை. ரீகனின் பொருளாதாரத் திட்டத்தை 1980 பிரைமரியில் 'மந்திர தந்திரப் பொருளாதாரம்' என்ற பொருளில் சாடிய மூத்த புஷ், அதே ஆண்டில் ரீகனுக்குத் துணை வேட்பாளர் ஆனார். சென்னையிலிருந்து போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸை நம் வாசகர்களுக்குத் தெரியும். 2019 ஜூனில் மயாமி விவாத மேடையில், பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கக் குழந்தைகளைப் பேருந்தில் அனுப்பும் திட்டத்தை முன்னிட்டுப் பைடனை அவர் கேட்ட கேள்வி கடுமையானது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பைடன் அவரையே துணை வேட்பாளராக அறிவித்தார். மேடையில் இருப்பவர்களுக்கு நவம்பர் எப்போதும் நினைவில் இருக்கிறது. அவர்களுக்காகச் சண்டை போட்ட நாம்தான் பத்து வருடமாகத் தலையசைத்துக்கொண்டு நிற்கிறோம்.

இதைப் படித்துவிட்டு, சண்டையே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நண்பரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுப்பது கட்சி மாநாடு. 2016-இல், அங்கே மக்கள் ஓட்டுக்குக் கட்டுப்படாமல் தம் விருப்பப்படி ஓட்டுப் போடக்கூடிய கட்சிப் பிரமுகர்கள், அதாவது சூப்பர் டெலிகேட்கள், 700-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தொடக்கத்திலிருந்தே கிளின்டன் பக்கம். ஜூலையில் வெளியான கட்சி மின்னஞ்சல்களில், நடுநிலை காக்க வேண்டிய கட்சி அலுவலகத்தினர் சிலர் சாண்டர்ஸுக்கு எதிராகப் பேசியிருந்தது தெரிந்தது. கட்சியின் தேசியத் தலைவர் பதவி விலகினார். சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் விடாமல் போராடியதால்தான் 2018-இல் விதி மாறியது. இப்போது போட்டி இருக்கும் மாநாட்டில் சூப்பர் டெலிகேட்கள் முதல் சுற்றில் ஓட்டுப் போட முடியாது.

ஆனால் விதிகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சறுக்குகிறோம். அதே 2016-இல், சூப்பர் டெலிகேட் முறையே அநியாயம் என்ற சாண்டர்ஸ் தரப்பு, கடைசியில் அவர்களையே தன் பக்கம் வரச் சொல்லிக் கேட்டது. 2008-இல் புளோரிடாவும் மிச்சிகனும் கட்சி விதியை மீறி முன்கூட்டியே பிரைமரி நடத்தின. மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து ஒபாமா தன் பெயரை எடுத்துவிட்டார். அந்தத் தேர்தல்கள் கணக்கில் வராது என்பதைத் தொடக்கத்தில் எல்லோரும் ஏற்றார்கள். பின்தங்கியபின் கிளின்டன் தரப்பு, எல்லா ஓட்டும் எண்ணப்பட வேண்டும் என்றது. மே 31-ஆம் தேதி வாஷிங்டனில் கட்சியின் விதிக்குழு கூடி, அந்த இரு மாநிலங்களின் மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு ஆளுக்கு அரை ஓட்டு என்று முடித்தபோது வெளியே ஒரே கூச்சல். இந்த விதி என் எதிராளிக்கு உதவியிருந்தால் இதே குரலில் பேசியிருப்பேனா என்று ஒருமுறை தன்னைக் கேட்டுக்கொண்டவர்கள் இரு பக்கமும் குறைவு.

அப்புறம் 'உன் ஆள் ஜெயிக்க மாட்டார்' என்ற வாதம். இதை நான் அறவே வெறுக்கிறேன். 2020-இல் பைடன் அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். பிப்ரவரி 29-இல் சவுத் கரோலினாவில் ஜெயித்தார், நவம்பரில் ஜனாதிபதி. யார் ஜெயிப்பார் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசி நண்பர்களை வாயடைக்கிறோம்.

கட்சித் தலைவர்களே தேர்ந்தெடுத்தால் என்ன என்று கேட்டீர்கள். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1968-இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி எந்தப் பிரைமரியிலும் போட்டியிடாமலே வேட்பாளர் ஆனார். வியட்நாம் போரை எதிர்த்து செனட்டர் யூஜீன் மெக்கார்த்திக்கும், ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்ட ராபர்ட் கென்னடிக்கும் பிரைமரிகளில் ஓட்டுப் போட்டவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே இளைஞர்களைப் போலீஸ் அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த நவம்பரில் நிக்சன் ஜெயித்தார். அதற்குப் பிறகுதான் விதிகள் மாறி, 1972 முதல் பிரைமரியும் காகஸும் முடிவு செய்யும் இடங்களாயின. காரில் நீங்கள் போட்ட சண்டை எனக்கு அதைவிட மேல்.

காகஸில் குறை இல்லாமல் இல்லை. இரவு வேலைக்குப் போகும் செவிலியர், கைக்குழந்தைக்காரி, முதலாளி பார்க்கத் தன் மூலையில் நிற்க அஞ்சுபவர், இவர்களுக்கு அது கதவை அடைக்கிறது. 2020-இல் முடிவுகளை அனுப்பும் செயலி கோளாறாகி முடிவுகள் நாள்கணக்கில் தாமதமாயின. 2024-இல் நாட்டிலேயே முதலில் வாக்களிக்கும் மாநிலம் என்று அயோவாவுக்கு இருந்த முதலிடத்தை ஜனநாயகக் கட்சி எடுத்துவிட்டது, விருப்பத்தைத் தபாலில் அனுப்பும்படி ஆனது. நியாயமான மாற்றம்தான். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து "உங்களுக்கு என்ன பிடித்தது?" என்று கேட்க ஓர் இடம் இருந்தது, அது போனதில் எனக்கு வருத்தம்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள். நவம்பர் பொதுத்தேர்தலுக்குள் 18 நிறைபவர்கள் 17 வயதிலேயே காகஸில் கலந்துகொள்ளலாம் என்பது அயோவாவின் வழக்கம். 2028 தேர்தல் நவம்பர் 7-ஆம் தேதி, அவள் பிறந்தநாள் அக்டோபரில்.

அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போங்கள். போன் வேண்டாம், மெசேஜ் வேண்டவே வேண்டாம். முதலில் அந்த இரவைப் பற்றிப் பேசுங்கள். அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று தெரியாமல் எழுதியதையும், தெரிந்த பிறகும் இத்தனை வருடம் சும்மா இருந்ததையும் சொல்லுங்கள். சாண்டர்ஸிடம் அவருக்கு என்ன பிடித்தது என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அதையும் கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போய்வந்து எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.