சிங்கப்பூர் விழுந்த பிறகு

அன்புள்ள ஐயா,
1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியது பற்றிப் படித்துவருகிறேன். இலங்கையைப் பிடிக்கும் எண்ணம் அவர்களுக்கு உண்மையில் இருந்ததா, பிரித்தானியர்தான் ஆபத்தை மிகைப்படுத்தினார்களா? மக்கள் பீதியில் ஊரைவிட்டு ஓடியது தேவையற்றது என்றே படுகிறது. இன்றைய துறைமுக அரசியலோடு இதை ஒப்பிடலாமா?
பி.கு.: என் தாத்தா அப்போது துறைமுகத்தில் கிளார்க்.
- தெகிவளை வாசகர்

அன்புள்ள தம்பி,

ஜப்பானியக் கடற்படைக்கு அந்த ஆசை இருந்தது; தரைப்படை ஆட்களைத் தர மறுத்தது. ஆகவே ஜப்பானிய அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்தது பிரித்தானியக் கப்பற்படையை நொறுக்கத்தான். துறைமுக அரசியலை விடுங்கள், அதைப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது.

பிரித்தானியருக்கு உளவு கிடைக்காமல் இல்லை. ஏப்ரல் 1 வாக்கில் தாக்குதல் வரும் என்று அட்மிரல் சோமர்வில் கடலில் காத்திருந்தார். யாரும் வரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் குறைய, கப்பல்களை 600 மைல் தள்ளி மாலைதீவின் அட்டுவுக்குக் கொண்டுபோனார். டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு குரூஸர் போர்க்கப்பல்களைக் கொழும்புக்கு அனுப்பினார், ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் திருகோணமலைக்கு. 4ஆம் திகதி கனேடிய விமானி பேர்ச்சால் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் ஈஸ்டர் காலை கொழும்பில் குண்டு விழுந்தது. அன்றே அந்த இரண்டு குரூஸர்களும் நடுக்கடலில் மூழ்கின, 400க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸும் போனது. சொன்ன நாளில் வராதவன் இனி வரமாட்டான் என்பது என்ன கணக்கு? சரி, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக்கி ஹரிகேன் போர் விமானங்களை அங்கே வைத்தது கெட்டித்தனம்தான். ஜப்பானியருக்கு அந்த இடம் தெரியவே தெரியாது.

ஆனால் பீதி என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அம்மம்மா வீடு கொட்டாஞ்சேனை, துறைமுகத்துக்குப் பக்கம். பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்ததும் பூட்டன் பெண்களையும் பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். "சிங்கப்பூரையே விட்டிட்டு ஓடினவன் கொழும்பை வைச்சிருப்பானோ?" என்றாராம். அவரிடம் உளவும் இல்லை, ராடாரும் இல்லை. (இருந்த ராடாரும் அந்த ஈஸ்டர் காலை எச்சரிக்கவில்லை, அது வேறு கதை.) அதிகாரிகள் எதிரி எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூட்டன், காவலுக்கு நிற்பவன் எப்படிப்பட்டவன் என்று பார்த்தார். அடுத்தவன் ஆளும் ஊரில் குடும்பம் வைத்திருப்பவன் வேறெதைப் பார்ப்பான்? தனக்கு மட்டும் கடையைப் பூட்ட மனம் வரவில்லை, தங்கிவிட்டார். பிள்ளைகளை அனுப்பியவரைப் பயந்தாங்கொள்ளி என்று எண்பது வருடம் கழித்து மின்விசிறிக்குக் கீழே இருந்து சொல்வது எவ்வளவு சுலபம்!

ஜப்பானியருக்கு அத்தனை வரி, சொந்தத் தாத்தாவுக்குப் பின்குறிப்பில் ஒரே வரியா? அவர் அந்த ஞாயிறு வேலைக்குப் போனாரா? குடும்பத்தை ஊருக்கு அனுப்பியிருந்தாரா? வீட்டில் மூத்தவர்கள் யாராவது இருந்தால் இப்போதே போய்க் கேளுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், இந்த முறை கொஞ்சம் நீளமாக.