பதில்: பலகையில் 'டாக்டர், சைக்காலஜிஸ்ட்' என்றால் மாத்திரை எழுதுவாரா?

எழுதக் கூடாது. தூக்கமில்லாமல் படபடப்போடு இருக்கும் உங்கள் தம்பியை அப்படிப் பலகை வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அந்த 'டாக்டர்' முனைவர் பட்டமாக இருக்கலாம். மாத்திரை எழுதுபவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்த சைக்கியாட்ரிஸ்ட். சைக்காலஜிஸ்ட், அதாவது உளவியலாளர், பேச்சு வழிச் சிகிச்சை, உளவியல் சோதனைகள் செய்வார்.

1. அவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கழகம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்று சொல்லிக்கொள்ள இந்தக் கழகத்தில் பதிவு வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கழகம் அது. அவர்கள் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். எண் கேட்டால் கோபப்படுகிறவரிடம் தம்பியை அனுப்ப வேண்டாம்.

2. பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டாதீர்கள். முதல் அமர்வு முடிந்ததும் "என்ன பிரச்சினை என்று நினைக்கிறீர்கள், எப்படிக் கொண்டுபோவீர்கள்?" என்று தம்பியே கேட்கட்டும். அவர் சொல்வது தம்பிக்குப் புரிய வேண்டும், அதுதான் முக்கியம்.

பதிவேட்டில் பெயர் இல்லாத எல்லோரும் போலி இல்லை. எம்.எஸ்சி. படித்த கவுன்சிலர்கள் அதில் வர மாட்டார்கள். தேர்வு பயம், குடும்பச் சண்டை போன்றவற்றுக்கு அவர்களில் நல்லவர்கள் நிறையவே உதவுவார்கள்.

ஆனால் தம்பி தூங்கவே இல்லை, படபடப்பு என்கிறீர்கள். தைராய்டு கூடினாலும் அப்படி வரும். அதனால் முதலில் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டிவிடுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள், உடனே அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், இலவசம்.