மூன்று நிமிடத் துணுக்கும் முப்பது ஆண்டு ரசனையும்

கேள்வி: முப்பது ஆண்டுகளாக ஓபராவும் பாலேவும் ரசிப்பவன் நான். இப்போது வருகிற தயாரிப்புகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கார்மென் லாரியில் போகிறாள். வாக்னரின் மோதிரம் குழந்தையாகிவிட்டது. ஜிசெல் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். எதையும் முழுதாகப் பார்க்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மூன்று நிமிடத் துணுக்கும் நாலு புகைப்படமும் போதும், தெரிந்துவிடும். இசையமைப்பாளர் எழுதியதை எழுதியபடி மேடையேற்ற இந்த இயக்குநர்களுக்கு என்ன கஷ்டம்? பைராய்ட்டில் பூலேஸ் நடத்திய 'ரிங்' இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பொற்காலம் இனி வருமா?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டீர்கள்.

இசை நடத்துநர் பியேர் பூலேஸ் அந்த 'ரிங்'கை, அதாவது ஒரு மந்திர மோதிரத்தைச் சுற்றி வாக்னர் எழுதிய நான்கு ஓபராக்களின் தொடரை, நடத்தத் தொடங்கியது 1976-ல், ஜெர்மனியில் வாக்னரின் ஓபராக்களுக்கென்றே நடக்கும் பைராய்ட் விழாவின் நூற்றாண்டில். மேடை இயக்குநர் பாத்ரீஸ் ஷெரோவுக்கு அப்போது 31 வயது. ரைன் நதி ஓடவேண்டிய இடத்தில் ஒரு நீர்மின் அணையைக் கொண்டுவந்து நிறுத்தினார். தெய்வங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டு முதலாளிகளின் கோட்டு மாட்டினார். அரங்கத்தில் ஊளை, கூடவே விசில். சிலர் எதிர்ப்புத் துண்டுப் பிரசுரங்களோடு வந்தார்கள். நீங்கள் எனக்கு எழுதியிருக்கும் இதே கடிதத்தை அன்றைக்குப் பலர் ஜெர்மன் மொழியில் எழுதிவிட்டார்கள். அதே தயாரிப்பு 1980-ல் கடைசி முறையாக முடிந்தபோது கைதட்டல் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. நல்லவேளை, நீங்கள் இசைத்தட்டாகக் கேட்டீர்கள். 1976-லேயே மூன்று நிமிடத் துணுக்கு உங்கள் கையில் கிடைத்திருந்தால் அந்த இசைத்தட்டை வாங்கியிருக்கவே மாட்டீர்கள்.

சரி, 'எழுதியதை எழுதியபடி' என்பதற்கு வருவோம். எதை எழுதியபடி? இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ரிகோலெட்டோ' ஓபரா விக்டர் ஹ்யூகோவின் நாடகத்திலிருந்து வந்தது. அதில் பெண் பித்துப் பிடித்தவன் ஒரு பிரெஞ்சு அரசன். அரசனை அப்படிக் காட்டக்கூடாது என்று தணிக்கைக்காரர்கள் மறுத்ததால் 1851-ல் வெனிஸில் மேடையேறியபோது அவன் மாந்துவாவின் பிரபு ஆகியிருந்தான். 'உன் பாலோ இன் மாஸ்கெரா' கதை இன்னும் வேடிக்கை. 1792-ல் நாட்டிய விருந்தில் சுடப்பட்ட ஸ்வீடன் அரசன் மூன்றாம் குஸ்தாவ் பற்றியது அது. மேடையில் அரசனைக் கொல்ல அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே ஸ்டாக்ஹோம் பாஸ்டனாகி, அரசன் கவர்னராகி, 1859-ல் ரோமில் அரங்கேறியது. அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கதையைத் தூக்கிக்கொண்டு போனவர் சாட்சாத் வெர்டி. இன்றைக்குப் பல அரங்குகள் அதைத் திரும்ப ஸ்வீடனுக்கே கொண்டுபோகின்றன. இதில் யார் எழுதியபடி செய்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.

'லா ட்ராவியாட்டா'வில் நேர் எதிர். தன் காலத்து உடையிலேயே, பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் அதைக் காட்டவேண்டும் என்று வெர்டி ஆசைப்பட்டார். 1853-ல் வெனிஸில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கதையை 1700 வாக்கில் தள்ளிவைத்து, பொய்முடி மாட்டித்தான் ஆடவைத்தார்கள். இன்றைக்கு ஓர் இயக்குநர் அதன் நாயகி வியோலெட்டாவுக்கு நம் காலத்துக் கவுனைப் போட்டு ஒரு விருந்தில் நிறுத்தினால், அவர் வெர்டிக்குத் துரோகம் செய்கிறார் என்பீர்களா?

இப்போது உங்கள் லாரி. கேரி க்ராக்னெல் 2023-ன் கடைசி இரவில் நியூயார்க் மெட்ரோபாலிடனில் தொடங்கிவைத்த 'கார்மென்'தானே? சிகரெட் தொழிற்சாலை ஆயுதத் தொழிற்சாலையாயிற்று, காளையை அடக்குகிறவன் ரோடியோ எனும் அமெரிக்கக் குதிரை, காளைச் சவாரிப் போட்டியின் நட்சத்திரமானான், ஸ்பெயினின் செவில் நகரம் அமெரிக்காவாயிற்று. உங்களுக்கு அந்த உண்மையான செவில் வேண்டும். அதற்கு இசையமைத்த பிரெஞ்சுக்காரர் பிஸே ஸ்பெயின் மண்ணை மிதித்ததே இல்லை. கார்மென் வந்ததும் பாடுகிற 'ஹபனேரா' மெட்டு நாட்டுப்பாடல் என்று நினைத்து அவர் எடுத்துக்கொண்டது. உண்மையில் அது இரதியேர் என்ற இசையமைப்பாளர் எழுதிய பாட்டு. போதாததற்கு, 1875 மார்ச்சில் அரங்கேறியபோது 'கார்மென்'னில் பாட்டுகளுக்கு நடுவே வெறும் பேச்சுதான் இருந்தது. ஜூனில் பிஸே இறந்துபோனார், வயது 36. அப்புறம்தான் அவருடைய நண்பர் கீரோ அந்தப் பேச்சுப் பகுதிகளைப் பாடும்படி மாற்றி எழுதினார். உலகம் பல பத்தாண்டுகள் கேட்டு மயங்கியது அந்த வடிவத்தைத்தான். உங்கள் அலமாரியில் இருக்கிற பழைய பதிவையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அநேகமாக அதுவும் கீரோவின் கைவண்ணமாகத்தான் இருக்கும்.

அந்த லாரி எனக்குப் பிடித்ததா என்று கேட்டால், பாதி. இரண்டாம் அங்கத்தில் மதுக்கூடக் கூட்டம் முழுவதையும் ஓடுகிற வண்டிக்குள் அடைத்தது பாட்டின் வேகத்தோடு ஒட்டியது. ஆனால் அமெரிக்க எல்லைப்புறத்துக் கஷ்டம் என்று பேச ஆரம்பித்த தயாரிப்பு பிறகு அதை மறந்தேவிட்டது. என் குறை அதுதான். லாரியின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. மோதிரம் குழந்தையான கதையில் நான் உங்களோடுதான் நிற்கிறேன். வாலன்டின் ஷ்வார்ட்ஸ் 2022-ல் பைராய்ட்டில் போட்ட 'ரிங்' அது. அங்கே ரைன் நதியின் தங்கமே ஒரு சிறுவன். ஆனால் வாக்னர் மோதிரத்துக்கு என்றே ஓர் இசைத்துணுக்கு எழுதியிருக்கிறார். நாலு மாலை நேரம் அது ஆர்க்கெஸ்ட்ராவில் வந்துகொண்டே இருக்கும். பாத்திரங்கள் வாயைத் திறந்தால் 'மோதிரம்' என்கிறார்கள். காது ஒன்றைக் கேட்க, கண் வேறொன்றைப் பார்க்க, மூளை நடுவில் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஷெரோவின் அணைக்கட்டு அப்படியில்லை. நதியை அடைத்துச் சக்தியாக்கிக் காசு பார்ப்பது என்பது ஏற்கெனவே அந்த இசைக்குள் இருக்கும் விஷயம். இந்த வித்தியாசத்தைத்தான் நீங்கள் பிடித்திருக்கவேண்டும். நீங்களோ இரண்டையும் 'நவீனம்' என்று ஒரே மூட்டையில் கட்டித் தூக்கிப் போடுகிறீர்கள். அதாவது, ஒன்றைத் தெரியாமல் புகழ்கிறீர்கள், இன்னொன்றைத் தெரியாமல் திட்டுகிறீர்கள்.

ஃபிளாரன்ஸில் 2018-ல் ஒரு 'கார்மென்' வந்தது, நினைவிருக்கிறதா? பெண்கள் மேல் நடக்கும் வன்முறைக்கு எதிராக என்று சொல்லி, கடைசியில் கார்மென் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, மூலத்தில் அவளைக் கொல்கிற காதலன் டான் ஹோஸேயைச் சுடவைத்தார்கள். முதல் நாள் அந்தத் துப்பாக்கி வெடிக்கவில்லை! சுடப்படாமலேயே ஹோஸேயாகப் பாடியவர் செத்து விழவேண்டியதாயிற்று. நோக்கத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த ஓபராவின் கடைசி வரிகளில் ஒன்று 'அவளைக் கொன்றவன் நான்தான்' என்று ஹோஸே கதறுவது. அதன் கீழே பிஸே எழுதிய இசை ஒரு கொலையின் இசை. கார்மென் உயிரோடு நின்றால் அந்த வரியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எனக்கு உண்மையில் எரிச்சல் வருவது வேறோர் இடத்தில். திரை மூடியிருக்க, முன்னிசை மட்டும் ஒலிக்கவேண்டிய நேரத்தை வீணாய்ப் போகிற நேரம் என்று நினைக்கும் இயக்குநர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை ஒரு 'டான் ஜோவான்னி'. எந்த அரங்கம் என்று சொல்லவேண்டாம். முன்னிசை ஆரம்பித்ததிலிருந்து முடியும்வரை மேடையில் யாரோ துணி மாற்றுகிறார்கள், கதவை அறைகிறார்கள், பெட்டி தள்ளுகிறார்கள். ஜனங்கள் சிரிக்கிறார்கள். முதல் இரண்டு கனமான ஒலிகளிலேயே நரகத்தின் வாசலைத் திறந்துவைத்திருக்கிறான் மொஸார்ட், அது யார் காதிலும் விழவில்லை. இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். உடைகள் எல்லாம் என்னவோ அசல் 18-ஆம் நூற்றாண்டு உடைகள்தான். புகைப்படத்தில் பார்த்திருந்தால் உங்களுக்கு மிகவும் பிடித்திருக்கும்.

புகைப்படம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. ஓபரா பாடகர் மைக் வைத்துக்கொள்வதில்லை. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டி அவர் குரல் கடைசி வரிசைக்குப் போகவேண்டும். பின்னால் மரச்சுவர் இருந்தால் அது குரலைத் தூக்கி அரங்கத்துக்குள் தள்ளும். பின்புறம் வெட்டவெளியாக விட்டு நான்கு துணிகளைத் தொங்கவிட்டால் குரல் மேலேயும் பக்கவாட்டிலும் போய்க் கரைந்துவிடும். படத்தில் அழகாகத் தெரியும் எத்தனையோ மேடையமைப்புகள் பாடகரின் தொண்டைக்கு எமன். ஒளிபரப்பில் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே ஒலிவாங்கி இருக்கிறது.

2023-ல் பைராய்ட்டில் வாக்னரின் 'பார்சிஃபால்' ஓபரா சிறப்புக் கண்ணாடியோடு வந்தது. போட்டுக்கொண்டால் மேடையைச் சுற்றிக் கணினிப் பிம்பங்கள் மிதக்கும். கிட்டத்தட்ட 2000 இருக்கைகளில் 330-க்குத்தான் கண்ணாடி. மற்றவர்கள் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். அதைப் பற்றி நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது.

பாலேக்கு வருகிறேன். இங்கே 'எழுதியபடி' என்ற வார்த்தையே இன்னும் ஆட்டம் காணும். 'ஸ்வான் லேக்' 1877-ல் மாஸ்கோவில் அரங்கேறியபோது ஆடிய நடனம் இன்று இல்லை, போயே போயிற்று. நாம் பார்ப்பதெல்லாம் 1895-ல் நடன அமைப்பாளர்கள் பெட்டிபாவும் இவானோவும் அமைத்ததன் வழித்தோன்றல்கள். இசையமைத்த சைகோவ்ஸ்கி 1893-லேயே இறந்துவிட்டார். அவர் இல்லாத தைரியத்தில் இசையை வெட்டி ஒட்டினார்கள். கறுப்பு அன்னத்தின் புகழ்பெற்ற ஜோடி நடனத்துக்கான இசை அவர் முதல் அங்கத்தில் வேறு எதற்கோ எழுதியது. 1895-ல் முடிவில் காதலர்கள் ஏரியில் மூழ்கினார்கள். சோவியத் காலத்தில் பிழைத்துக்கொண்டார்கள். உங்களுக்கு எந்த அசல் வேண்டும்?

நடன அமைப்பாளர் அலெக்ஸெய் ரட்மான்ஸ்கி அந்த அசலைத் தேடிப்போனவர். பழைய நடனக் குறிப்பேடுகளைப் படித்து 2016-ல் சூரிக்கில் 1895-ன் 'ஸ்வான் லேக்'கை மீட்டெடுத்தார். கால் காதுவரை எழும்பாது, இடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கும். வேகம் அதிகம். மௌன நடிப்பு நிறைய. பழையதுதான் வேண்டும் என்று கேட்ட ரசிகர்களில் சிலருக்கே அது பிடிபடவில்லை. கால் ஏன் இவ்வளவு கீழே நிற்கிறது என்றார்கள். நான் இரண்டு முறை பார்த்தேன், மூன்றாவது முறையும் பார்ப்பேன். 1995-ல் மேத்யூ போர்ன் அன்னங்களை ஆண்களாக்கியதையும் அதே அளவு ரசித்தவன்தான் நான். அன்னம் என்பது கழுத்தை நீட்டிக் கடிக்க வரும் முரட்டுப் பறவை என்பது அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. சைகோவ்ஸ்கியின் பித்தளைக் கருவிகள் அதை எப்போதோ சொல்லிவிட்டன.

'லா பயாதேர்' பற்றி ஒரே ஒரு கேள்வி. பெட்டிபா 1877-ல் இந்தியக் கோயில் நடனக்காரியின் கதை என்று அமைத்தது. நடனக்காரி ஐரோப்பிய வால்ட்ஸ் தாளத்துக்கெல்லாம் ஆடுவாள். அதில் சிறுவர்களுக்குக் கரி பூசி ஆடவைக்கும் வழக்கம் மாஸ்கோவில் 2019-லும் தொடர்ந்து, பெரிய சர்ச்சையானது. 'எதையும் மாற்றாதே' என்பவர் இதையும் மாற்றாதே என்பீர்களா? இறந்த பெண்களின் ஆவிகளான நிழல்கள் சரிவில் ஒவ்வொருவராக இறங்கிவரும் அந்தக் காட்சியில் மட்டும் யாரும் கை வைக்கவேண்டாம் என்று நானும் கெஞ்சுவேன்.

அக்ரம் கானின் 'ஜிசெல்' (2016) ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவள் வேலை பார்க்கவில்லை. தொழிற்சாலை மூடிவிட்டார்கள் ஐயா, வேலை போய்விட்டது. கதையே அதுதான். வேலை இழந்து மதிலுக்கு வெளியே நிற்கிற புலம்பெயர்ந்தவர்களில் ஒருத்தி அவள். இரண்டாம் அங்கத்தில் இறந்த பெண்களின் ஆவிகள் கையில் மூங்கில் கழியோடு, கால் கட்டைவிரல் நுனியில் எழும்பி வரிசையாக வரும். 1841-ல் அரங்கேறிய மூல 'ஜிசெல்'லின் வெள்ளை ஆவிகளுக்கு இருந்த பயங்கரம் பழகிப்பழகி நமக்கு மறந்துபோயிருந்தது. அதை அவர் திருப்பிக் கொடுத்தார். இதெல்லாம் உங்கள் மூன்று நிமிடத்தில் வரவில்லை போலிருக்கிறது.

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். இடம் கருதிச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். முழுதையும் மூன்று முறை படித்தேன். லாரி இருக்கிறது, கவுன் இருக்கிறது, தலைமுடியின் நிறம்கூட இருக்கிறது. யார் பாடினார்கள், எப்படிப் பாடினார்கள், யார் ஆடினார்கள் என்று ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். பெயரோடு அனுப்பினால் இன்னும் நல்லது.