மீதி 2 நிமிஷம்

(கடையநல்லூரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் 1981 முதல் 1993 வரை, முதலில் டீ வாங்கி வரும் பையனாகவும் பிறகு 'ரெக்கார்டிஸ்ட்' என்ற பெரிய பட்டத்தோடும் வேலை பார்த்தேன் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சில.)

பட்டியல் எழுதிக் கொடுத்தால் கடையில் பாட்டுப் பதிந்து தருவார்களாம். ஒரு கேசட்டுக்கு ஒரு வாரம் காத்திருந்ததாக அப்பா சொல்கிறார். அவ்வளவு நாள் ஏன்?
_வாசகர், சங்கரன்கோவில்_

இசைத்தட்டு ஓடுகிற வேகத்தில்தான் கேசட்டும் ஓடும். 1 மணி நேரக் கேசட் என்றால் 1 மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும். அப்பா எழுதிய 14 பாட்டும் 14 படத்தில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எல்.பி. இசைத்தட்டை உறையிலிருந்து உருவி, துடைத்து, கோடு எண்ணி முள்ளை இறக்கி, சரியான நொடியில் 'பாஸ்' பட்டனை விட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் அந்தப் பாட்டு மறுபடி முதலிலிருந்து. தீபாவளிக்கு முன்னால் ஆணியில் குத்தி வைத்த பட்டியல்கள் ஒரு சாண் உயரம் நிற்கும். இரட்டை வேகத்தில் நகல் எடுக்கும் டெக் பிற்பாடு வந்தது. அதில் எடுத்தால் மேல் ஸ்தாயி மழுங்கிவிடும். முதலாளிக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

வேலையின் ருசி வேறு இடத்தில் இருந்தது. சி-60 கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிஷம். 4 நிமிஷப் பாட்டு 7 போட்டால் 28. மீதி 2 நிமிஷம் என்னுடையது! அதில் எட்டாவது பாட்டைத் தொடங்கி நடுக்கழுத்தில் அறுக்கும் கடைகள் உண்டு. நான் எல்.பி.யில் கிடக்கும் டைட்டில் இசையை எடுத்துப் போட்டு, நாடா முடிவதற்குள் சத்தத் திருகியை மெல்ல இறக்கி அடக்குவேன். 1986-இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பு வந்தபின் அதிலிருந்து வி.எஸ். நரசிம்மனின் வயலினைக் கொஞ்சம் கிள்ளி வைப்பேன். அச்சன்புதூரிலிருந்து வரும் ஒரு மாட்டு வியாபாரி கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். "கடைசில யாரும் பாடாத எடத்துல ஒண்ணு இழைக்கான் பாரு, அது மட்டும் ரெண்டு பக்கமும் போட்டுத் தா" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த விருது அதுதான்.

என் அத்தையின் பழைய நோட்டில் சினிமாப் பாட்டுகளாக எழுதியிருக்கிறது. ஆனால் நடுநடுவே கேள்வித்தாள் மாதிரி கோடிட்ட இடங்கள். என்ன அது? கைபேசியில் தேடி நிரப்பித் தரலாமா?
_வாசகி, ராஜபாளையம்_

ரேடியோவில் ஒரு பாட்டு வரும்போது கை எவ்வளவு வேகமாக ஓடுமோ அவ்வளவுதான் எழுத முடியும். விட்டுப்போன இடத்துக்குக் கோடு. மறுபடி அந்தப் பாட்டு எப்போது வருமோ, அப்போது பேனாவோடு காத்திருந்து நிரப்ப வேண்டும். எங்கள் வீட்டில் நானும் சின்ன அக்காவும் பங்கு பிரித்துக்கொள்வோம்: முதல் வரி அவளுக்கு, அடுத்த வரி எனக்கு. சரணத்தில் சண்டை வந்துவிடும், ஏனென்றால் நான் என் வரியை விட்டுவிட்டு அவள் வரியைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் இலங்கை வானொலிதான். காலையில் 'பொங்கும் பூம்புனல்'. அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மூச்சுவிடாமல் பேசுவதைப் போலப் பேசிப் பார்க்க, காலியான பால்பவுடர் டப்பாவுக்குள் வாயை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். ராஜேஸ்வரி சண்முகம் பேசினால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிற்பாள். அப்துல் ஹமீது 'ழ'வைச் சொல்கிற அழகுக்காகவே எங்கள் தமிழ் வாத்தியார் அவரைப் பிழைபொறுத்து (சினிமாப் பாட்டுப் போடுகிறவர் என்ற பிழை) ஏற்றுக்கொண்டார்.

கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றார்களே, அதை வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கினோம். கதையைப் பாதி சொல்லி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்துவார்களே, அதே புத்தகம்தான். ஆனால் படம் ஊருக்கு வந்தால்தானே புத்தகம் வரும்? பாட்டு ரேடியோவில் எப்போதோ வந்துவிடும்.

நிரப்புவதற்கு முன் அத்தையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னும் ரேடியோவில் வருமென்று காத்திருக்கிறாரோ என்னவோ.

வீட்டில் 40 பழைய கேசட்டுகள். நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. ஓட விட்டுப் பார்க்கலாமா?
_வாசகர், நாகர்கோவில்_

கூடவே கூடாது. பூஞ்சை பிளேயரின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் முனை) ஒட்டி அடுத்த 39-க்கும் பரவும். நாகர்கோவில் ஈரத்துக்கு இது ஆச்சரியமும் இல்லை. மூலைகளிலும் நடுவிலுமாக 5 திருகாணி உள்ள கேசட் என்றால் பிழைத்தீர்கள்; கழற்றி, நாடாச் சுருளை வேறு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டி மூடிய வகை என்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பென்சிலால் மெதுவாகச் சுற்றியபடி மெல்லிய உலர்ந்த துணியால் பூஞ்சையைத் துடையுங்கள். பிறகு ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றி, அதன் பிறகே கேளுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்குப் பின்னும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். சத்தம் தூரத்தில் கேட்பதுபோல் இருந்தால், நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத்துண்டு விழுந்திருக்கும். வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். 2 மணி நேரம் ஓடும் சி-120 இருந்தால் என்னிடம் கேட்காதீர்கள். அந்த நாடா வெங்காயத் தோல் மாதிரி, நல்ல நாளிலேயே பிளேயர் தின்றுவிடும்.

நீங்கள் செய்தது திருட்டு இல்லையா?
_வாசகர், கோயம்புத்தூர்_

ஆம். 1984-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். அந்தச் செய்தி வந்த நாள் முதலாளி பெயர்ப்பலகையில் 'ரெக்கார்டிங்' என்ற சொல்லுக்கு மட்டும் வெள்ளையடித்தார். சுண்ணாம்பு உதிர்ந்து மழைக்காலத்தில் மறுபடி தெரிந்தது. கடையை மூடவைத்தது சட்டமில்லை. பதிந்தே வந்த கேசட்டுகள் வெற்றுக் கேசட் விலைக்குக் கிட்டத்தட்ட வந்ததுதான்.

எனக்குத் தபால்தலை சேகரிப்பு, என் தம்பிக்குப் பாட்டு. இரண்டையும் சேர்க்க முடியுமா?
_வாசகி, தஞ்சாவூர்_

பூட்டான் சேர்த்துவிட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் குட்டி இசைத்தட்டாகவே தபால்தலை வெளியிட்டார்கள். பின்னால் பசை, முன்னால் கோடுகள். பிளேயரில் வைத்தால் நாட்டுப்பாடலும் தேசிய கீதமும் கேட்கும். விலை விசாரித்துவிட்டுத் தம்பியிடம் சொல்லுங்கள்.

அந்தக் காலப் பாட்டு மாதிரி இப்போது வருகிறதா?
_வாசகர், சேலம்_

1983-இல் எங்கள் கடையில் ஒரு தாத்தா, "பாகவதருக்கப்புறம் எவம்ல பாடுதான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். உங்களுக்கும் அவருக்கும் பழக்கம் உண்டா?

மறக்க முடியாத வாடிக்கையாளர்?
_வாசகி, மேலப்பாளையம்_

உங்கள் ஊரிலும் இது நடந்திருக்கும். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் அரபு நாட்டில். ஊருக்குப் போன் பேசக் கட்டுப்படியாகாது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் இல்லை. அதனால் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டி) இல்லாத வீட்டுப் பெண்கள் எங்கள் கடையின் பின் அறைக்கு வருவார்கள். நான் கேசட்டைப் போட்டுவிட்டு வெளியே போய்விட வேண்டும், முதலாளி உத்தரவு.

ஓர் அக்கா சின்னப் பையனோடு வருவார். கேட்டு முடித்ததும் அதே கேசட்டில் பதில் பேசுவார். புதுக் கேசட்டுக்குக் காசு எதற்கு? "கேட்டாச்சுல்ல தம்பி, அது மேலயே பதிஞ்சிருங்க." ஒரு மாதமாகக் கடல்தாண்டி வந்த குரலை நான்தான் பட்டனை அமுக்கி அழிப்பேன். பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் அவர் 20 நிமிஷத்தில் பேச்சை முடித்துவிட்டார். நாடாவைச் சரிபார்க்க ஓட்டினேன். அவர் குரல் நின்ற இடத்திலிருந்து வீட்டுக்காரரின் குரல் தொடர்ந்தது: "...கரண்ட் பில்லக் கட்டிரு. பயலுக்குச் செருப்பு அளவு நூல்ல எடுத்து அனுப்பு. கூரை ஓடு மாத்த ஆள் சொல்லியாச்சா..."

"மிச்சத்தை அழிச்சிரவா அக்கா?" என்றேன்.

பையனின் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கெடக்கட்டும் தம்பி. அவுக எனக்கு என்னென்ன வேல சொல்லுதாகன்னு அவுகளும் ஒருக்கா கேக்கட்டும்."