குட்டை உத்திரங்களால் அகன்ற தளம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அறையின் அகலத்தைவிடக் குட்டையான உத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று தாங்கும்படி வைத்து, நடுவில் தூண் இல்லாமலே தளம் அமைக்கும் முறையை மறுமலர்ச்சிக் காலத்தவர் வரைந்து வைத்திருக்கிறார்களாமே! அது உண்மையில் நிற்குமா?

பதில்: நிற்கும். லியொனார்டோ டா வின்சியின் 'கோடெக்ஸ் அட்லாண்டிகஸ்' கையேட்டில் இத்தகைய பின்னல்கள் உண்டு. இத்தாலியக் கட்டடக் கலைஞர் செபாஸ்தியானோ செர்லியோ 1545இல் பாரிசில் வெளியிட்ட நூலிலும் இந்த யோசனை படத்துடன் இடம்பெற்றுள்ளது.

மிக எளிய வடிவத்தைப் பார்ப்போம். சதுர அறையின் நான்கு சுவர்களிலிருந்தும் ஒவ்வோர் உத்திரம் புறப்படுகிறது. ஒவ்வொன்றின் மறுமுனையும் அடுத்த உத்திரத்தின் சரிபாதியில் அமர்கிறது. அப்போது அறையின் அகலம் உத்திரத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு. தன் எடையை மட்டும் கணக்கிட்டால், ஒவ்வோர் இணைப்பிலும் ஓர் உத்திரத்தின் முழு எடைக்குச் சமமான விசை அழுத்துகிறது. சுவர்முனையிலும் அதே அளவுதான். இணைப்பைச் சுவரிலிருந்து முக்கால் பங்கு தொலைவுக்குத் தள்ளினால் அறை ஒன்றேமுக்கால் மடங்காகும், ஆனால் இணைப்பு விசை இரட்டிப்பாகும். நடுவிலுள்ள சதுரத் திறப்பின் பக்கம் உத்திர நீளத்தில் பத்தில் ஒன்றாகச் சுருங்கும்போது அந்த விசை ஐந்து மடங்கை எட்டிவிடும்.

இம்முறை மிச்சப்படுத்துவது மரத்தின் நீளத்தைத்தான், வலிமையை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சரிபாதியில் இணைத்த உத்திரத்தை வளைக்கும் திருப்புத்திறன், அதே பருமனுள்ள ஒற்றை நீள உத்திரம் அந்த அறையைக் கடக்கும்போது தாங்க வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அந்த வளைவு உச்சமடையும் இடத்தில்தான் இணைப்புக்கான காடியையும் வெட்ட வேண்டியிருக்கிறது. மேலும், நான்கில் ஒன்று முறிந்தால் அதன்மேல் அமர்ந்திருப்பது இறங்கும். அதைத் தொடர்ந்து மற்றவையும் இறங்கும். நெடுமரம் கிடைக்காத இடத்துக்கு இது அருமையான வழி. ஆனால் உத்திரங்களின் பருமனில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கேள்வி: இந்த விசைகளை அக்காலத்தில் எவரேனும் கணக்கிட்டார்களா?

பதில்: செர்லியோவுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், ஆக்ஸ்போர்டின் வடிவியல் பேராசிரியர் ஜான் வாலிஸ் கணக்கிட்டார். மேலே சொன்ன நான்கு உத்திர அமைப்பில் எல்லா இணைப்புகளும் ஒன்றுபோலவே இருப்பதால் ஒரே சமன்பாடு போதும். அவர் எடுத்துக்கொண்டதோ பல உத்திரங்கள் கொண்ட பெரிய பின்னல். அதில் ஒரு விசையைத் தெரிந்துகொள்ள அடுத்ததைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், 25 சமன்பாடுகளை ஒருசேர எழுதிக் கையாலேயே தீர்த்தார்.