பில்லில் குறை இருந்தால் வரி வரவு போய்விடுமா?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் பிளாஸ்டிக் டிரம் தயாரிக்கிறேன். 2022-23ஆம் ஆண்டில் புதுச்சேரி வியாபாரிகள் இருவரிடம் வாங்கிய மூலப்பொருளுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கொடுத்த வரியை, நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதை) மறுத்து, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 73ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் வந்துள்ளது. ஒருவருடைய பில்களில் எங்கள் பழைய முகவரி உள்ளது, சரக்கின் வகையைக் காட்டும் எச்.எஸ்.என். குறியீடு இல்லை. மற்றவருடைய ஒரு பில், விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் எங்கள் 2பி அறிக்கையில் வரவேயில்லை. இருவருக்கும் வங்கி மூலம் உடனுக்குடன் பணம் கொடுத்துவிட்டோம். என்ன செய்யலாம்?

பதில்: நோட்டீஸில் இந்த இரண்டு குறைகளும் ஒன்றாக எழுதப்பட்டிருந்தாலும் சட்டப்படி அவை வேறு வேறு, பதிலையும் தனித்தனியாகவே எழுதுங்கள்.

முதலாவது, நடைமுறைக் குறைபாடு. வரித்தொகை, சரக்கின் விவரம், மொத்த மதிப்பு, இரு தரப்பு ஜி.எஸ்.டி. எண்கள், மாநிலம் கடந்த விற்பனையானால் வழங்கல் இடம் (சரக்கு போய்ச் சேரும் மாநிலம்) ஆகியவை பில்லில் இருந்தால், மற்ற விவரங்கள் விடுபட்டிருந்தாலும் வரவு எடுக்கலாம் என்று மத்திய ஜி.எஸ்.டி. விதி 36(2) சொல்கிறது. புதுச்சேரி பக்கத்தூர்தான் என்றாலும் யூனியன் பிரதேசம் என்பதால் இது மாநிலம் கடந்த விற்பனை. ஆகவே வழங்கல் இடம் தமிழ்நாடு என்று பில்லில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் இந்த விதி கைகொடுக்காது.

நடைமுறை நிபந்தனையையும் அடிப்படை நிபந்தனையையும் ஒன்றாகக் கருதக் கூடாது என்று மங்களூர் கெமிக்கல்ஸ் வழக்கில் 1991இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதையும் எடுத்துக்காட்டலாம். ஆனால் வரவுக்குத் தகுதி உண்டென்று நிரூபிக்கும் பொறுப்பை 155ஆம் பிரிவு உங்கள் மீதுதான் சுமத்துகிறது. எனவே இ-வே பில் (சரக்கு கொண்டுவருவதற்கான மின்னணுச் சீட்டு), எடைமேடைச் சீட்டு, கேட் பதிவேடு, இருப்புப் பதிவேடு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை பில் வாரியாக இணையுங்கள். இ-வே பில்லிலும் கேட் பதிவேட்டிலும் லாரி எண் ஒத்துப்போவதே சரக்கு உங்கள் ஆலைக்குள் வந்ததற்கு வலுவான சான்று. முகவரி மாறியதைக் காட்ட, பதிவுச் சான்றிதழில் செய்த திருத்தத்தின் நகலையும் சேருங்கள்.

இரண்டாவது, 2பி அறிக்கையில் வராத பில். அதை நடைமுறைக் குறை என்று வாதிடுவதை நான் பரிந்துரைக்கவில்லை. விற்றவரை விசாரிக்காமல் வாங்கியவரிடம் மட்டும் வரியைக் கேட்ட உத்தரவுகளை 2021இல் டி.ஒய். பீத்தேல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது உண்மைதான். ஆனால் விற்றவர் தம் அறிக்கையில் பில்லைக் காட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2022 ஜனவரி 1 முதல் 16(2) பிரிவிலேயே சேர்ந்துவிட்டது. அவர் அதைத் திருத்துவதற்கான கெடுவும் 2023 நவம்பர் 30உடன் முடிந்துவிட்டது. அந்த ஒரு பில்லுக்கான வரியையும், வரவைப் பயன்படுத்தியிருந்தால் 18 சதவீத வட்டியையும் நோட்டீஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் கட்டிவிட்டு, 73(8) பிரிவைக் காட்டி அபராதத்தைத் தவிர்க்கக் கோருங்கள். அத்தொகையைத் திருப்பிக் கேட்டு விற்றவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். வசூல் வழக்குக்கான காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

பதிலிலேயே நேரில் விசாரிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். உத்தரவு பாதகமாக வந்தால், அது கைக்குக் கிடைத்த மூன்று மாதத்துக்குள், தகராறுள்ள வரியில் 10 சதவீதத்தை முன்கட்டணமாகச் செலுத்தி மேல்முறையீடு செய்யலாம்.