கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு

வாசகர் கேள்வி – பதில்

*எங்கள் பட்டறையில் ஒரு தம்பிக்கு பிரஸ் மிஷினில் ஆள்காட்டி விரல் துண்டாகிவிட்டது. விரலை ஐஸ் கட்டிக்குள் புதைத்து எடுத்துக்கொண்டு ஓடினோம். ‘ஒட்ட முடியாது’ என்று சொல்லிவிட்டார்கள். ஐஸில் வைத்தது தப்பா?*
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

விரல் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஆனால் ஐஸ் அதைத் தொடக் கூடாது. நேராக ஐஸ் பட்டால் சதை உறைந்து, ரத்தக்குழாயின் உட்சுவர் கெட்டுவிடும். விரலில் இருக்கும் ரத்தக்குழாய் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அதை மைக்ராஸ்கோப் வைத்துத்தான் தைக்கிறார்கள். உட்சுவர் கெட்டிருந்தால், தைத்த இடத்திலேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

துண்டான விரலில் அழுக்கு இருந்தால் சுத்தமான தண்ணீரையோ சலைனையோ மேலே ஊற்றினால் போதும். தேய்க்காதீர்கள். டெட்டால், மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான காஸ் துணியை நனைத்துப் பிழிந்து, அதில் விரலைச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு, தண்ணீர் புகாதபடி இறுக்கி முடிச்சுப் போடுங்கள். பாதி தண்ணீரும் பாதி ஐஸும் உள்ள இன்னொரு கவரிலோ டிபன் பாக்ஸிலோ விரல் உள்ள அந்தப் பொட்டலத்தை வையுங்கள். எத்தனை மணிக்குத் துண்டானது என்று கவர் மேல் எழுதிவிடுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

கையைப் பொறுத்தவரை, சுத்தமான துணியை மடித்து வைத்து 10–15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ‘நின்னுடுச்சா’ என்று நடுவில் எடுத்துப் பார்த்தால், உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி ஓடும். கை நெஞ்சுக்கு மேலே தூக்கியபடி இருக்கட்டும். ஒயரோ ரப்பரோ போட்டு இறுக்காதீர்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். விரல் கொஞ்சம் தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அதை வெட்டிவிடவே கூடாது. அந்தத் தோலுக்குள் ஒரு ரத்தக்குழாய் பிழைத்திருக்கலாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் டீ, தண்ணீர் எதுவும் தர வேண்டாம்.

சரியாகக் குளிரில் வைத்த விரலுக்கு 24 மணி நேரம் வரைகூட வாய்ப்பு உண்டு. முழங்கை, முன்கை போல சதை அதிகம் உள்ள இடம் என்றால் 6 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

உங்கள் பட்டறை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரஸ்ஸில் விரல் வெட்டுப்படுவதைவிட நசுங்குவதே அதிகம். நசுங்கிய குழாயை எவ்வளவு நன்றாகக் கொண்டு வந்தாலும் தைக்க முடியாமல் போகலாம். ஆகவே அந்தத் தம்பியின் விரல் போனதற்கு நீங்கள்தான் காரணம் என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

பட்டம் விடும் மாஞ்சா நூல் அறுத்த கையும் இதே வகைதான். வெளியே கீறல் சின்னதாகத் தெரியும், உள்ளே விரலை மடக்கும் தசைநாண் அறுந்திருக்கும். காயம் பட்டவரை ஒவ்வொரு விரலின் நுனியையும் தனித்தனியாக மடக்கச் சொல்லுங்கள். ஒன்று மடங்கவில்லை, அல்லது நுனி மரத்துப் போயிருக்கிறது என்றால் தெருமுனை கிளினிக்கில் தையல் போட்டு முடித்துவிடாதீர்கள். பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நேராக அங்கே போங்கள்.

*பாட்டி ஸ்டான்லியை ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்கிறார். ஏன்?*
– வாசகி, ராயபுரம்

1782 வாக்கில், ஹைதர் அலி காலத்துப் போரும் பஞ்சமும் சேர்ந்து ஊர் ஊராக மக்கள் மதராசுக்கு ஓடி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் இது. மணியக்காரர் சத்திரம் என்றும் சொல்வார்கள். அதையொட்டி வளர்ந்ததுதான் ஆஸ்பத்திரி. 1930-களில் கவர்னர் ஸ்டான்லியின் பெயர் வந்தது, 1938-ல் மருத்துவக் கல்லூரி ஆனது. பாட்டி சொல்லும் பெயர்தான் மூத்தது.

*அப்பாவுக்கு பக்கவாதம். மூக்கில் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொள்கிறோம். கஞ்சி ஊற்றும்போது இருமுகிறார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.*
– வாசகி, வியாசர்பாடி

முதலில் இருமல். டியூப் வழியாக ஊற்றும்போது இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே நிறுத்தி டியூபை மடக்கிப் பிடியுங்கள். அது ஒரு தடவை வந்தாலும் அடுத்த வேளை ஊற்றுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள். டியூப் இடம் மாறி நுரையீரல் பக்கம் போயிருக்கலாம். அப்படிப் போன கஞ்சி நிமோனியாவில் கொண்டு விடும்.

தினமும் பார்க்க வேண்டியது மூக்குத் துளையை ஒட்டி டியூபில் இருக்கும் அடையாளம். இல்லையென்றால் நர்ஸைக் கேட்டு பேனாவால் ஒரு கோடு போட்டு வாங்குங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தால் நீங்களாக உள்ளே தள்ளக் கூடாது, எதையும் ஊற்றவும் கூடாது.

ஒவ்வொரு வேளையும் முதலில் தலைப்பக்கத்தை 45 டிகிரி உயர்த்துங்கள். வெறும் தலையணை போதாது. முதுகோடு சேர்ந்து உயர வேண்டும். பிறகு 50 மில்லி சிரிஞ்சால் மெல்ல இழுத்துப் பாருங்கள். பச்சையோ மஞ்சளோ கலந்த திரவம், அல்லது திரிந்த பால் போல வந்தால் டியூப் வயிற்றில் இருக்கிறது. 200 மில்லிக்கு மேல் பழைய சாப்பாடே வந்தால் வயிறு இன்னும் காலியாகவில்லை. அந்த வேளையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். எல்லாம் சரி என்றால் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், அடுத்து வடிகட்டிய கஞ்சி, கடைசியில் மறுபடி 30 மில்லி தண்ணீர். சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு குழலை மட்டும் ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் கஞ்சி தானாக இறங்கும். 200 மில்லி இறங்க 10–15 நிமிடம் ஆக வேண்டும். தண்டை வைத்து அழுத்தி வேகமாக ஏற்றினால் வாந்தி வரும். முடித்த பிறகும் ஒரு மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

டியூப் அடைத்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் வடிகட்டாத கேழ்வரகுக் கஞ்சி, சரியாகப் பொடிக்காத மாத்திரை. சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டியது ஒரே நேரத்தில் உடம்பில் சேர்ந்துவிடும். சீட்டை மருந்து கொடுப்பவரிடம் காட்டி, ‘இதில் எதைப் பொடிக்கலாம்?’ என்று கேளுங்கள். வாய் வழியாகச் சாப்பிடாவிட்டாலும் காலை மாலை வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கு எச்சில் உள்ளே இறங்கினாலும் நிமோனியா வரும்.

இப்போது அந்தச் சிவப்பு. விரலால் அழுத்தி மூன்று நொடி வைத்து எடுங்கள். வெளுத்து, பிறகு சிவந்தால் இன்னும் ரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது. தோல் கிழியவில்லையே என்று விடாதீர்கள். கேடு உள்ளே எலும்பை ஒட்டித் தொடங்கி வெளியே வரும். அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது, பவுடர் போடுவது, டயர் டியூப் மாதிரி வளையத்தில் உட்காரவைப்பது மூன்றும் வேண்டாம். வளையம் சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தம் போகாமல் செய்கிறது.

வேண்டியது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது. இடது, மல்லாந்து, வலது என்று நேரம் போட்டு ஒரு காகிதத்தைச் சுவரில் ஒட்டுங்கள். அம்மாவும் நீங்களும் மாறி மாறிப் பார்க்கும்போது குழப்பம் வராது. முழுப் பக்கவாட்டில் வேண்டாம், இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று, குதிகால் படுக்கையில் படாமல் நிற்கும்படி. அவரை இழுத்து மேலே ஏற்றாதீர்கள். இடுப்புக்குக் கீழே ஒரு வேட்டியை மடித்து விரித்து, இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். கஞ்சிக்காகத் தலையை உயர்த்தும்போது அவர் சறுக்கி இறங்குவார். அந்த இழுவைதான் பல வீடுகளில் இடுப்புப் புண்ணுக்குக் காரணம். முழங்காலுக்கு அடியிலும் தலையணை வைத்துவிட்டுத் தலையை உயர்த்துங்கள். காற்றுப் படுக்கை வாங்கினால் நல்லது, ஆனால் திருப்பும் வேலை குறையாது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

*வார்டில் யாரிடம் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டிரெச்சர் தள்ளவும் காசு கேட்டார்கள்.*
– வாசகர், கொருக்குப்பேட்டை

நோய் என்ன, அடுத்து என்ன என்பதைக் காலை ரவுண்ட்ஸில் கேளுங்கள். அந்தப் பிரிவின் தலைமை டாக்டரான யூனிட் சீஃப் அப்போதுதான் வருவார். கேள்விகளை ராத்திரியே எழுதி வைத்து, மூன்றை மட்டும் கேளுங்கள், பதில் கிடைக்கும். அன்றாட மருந்து, சிரமம் எல்லாம் பி.ஜி. டாக்டரிடமும் (மேற்படிப்புப் படிப்பவர்) ஹவுஸ் சர்ஜனிடமும் (பயிற்சி டாக்டர்). டிரிப்ஸ் ஏறும் கை வீங்கினாலோ எரிந்தாலோ உடனே ஸ்டாஃப் நர்ஸிடம். டிரிப்ஸ் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை நீங்கள் திருகாதீர்கள். பார்வையாளர் பாஸ், புகார், இடம் மாற்றுவது ஆகியவற்றுக்கு ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அலுவலகம். டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்த யூனிட், அதன் ஓ.பி. (வெளிநோயாளிப் பிரிவு) எந்தக் கிழமை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிழமை மாறிப் போனால் உங்கள் கேஸ் தெரியாத டாக்டரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டிரெச்சருக்கோ, பிறந்த குழந்தையைக் காட்டவோ காசு கிடையாது. கேட்டால் நாள், நேரம், வார்டு எண்ணைக் குறித்து ஆர்.எம்.ஓ.விடமோ ஆஸ்பத்திரித் தலைவரான டீனிடமோ எழுத்தில் கொடுங்கள். அரசு சுகாதார உதவி எண் 104-க்கும் சொல்லலாம். ‘கொடுத்தால்தான் நன்றாகப் பார்ப்பார்கள்’ என்ற பயத்தில் கொடுப்பது, அடுத்த கட்டிலில் கொடுக்க வழியில்லாதவரையும் சேர்த்து பாதிக்கிறது.

விபத்து என்றால் இன்னொன்று: கேஷுவாலிட்டியில் (அவசரப் பிரிவு) ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவு போட்டார்களா என்று அன்றைக்கே கேளுங்கள். எப்படி அடிபட்டது என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். போலீஸுக்குப் பயந்து ‘மாடிப்படியில் விழுந்தேன்’ என்று சொன்னால், பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்த வரியே எதிராக நிற்கும்.

*முதலமைச்சர் காப்பீடு அட்டை இல்லை. ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள்.*
– வாசகி, கொடுங்கையூர்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தினர் ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். வழக்கமாகத் தடை வருவது ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இல்லாததால். அதை முதலில் பாருங்கள். ஆஸ்பத்திரியிலும் காப்பீட்டு வார்டு மேலாளர் இருப்பார்; ஆபரேஷன் தேதிக்கு முன்பே அவரைப் பார்த்து, உங்கள் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். உதவி எண் 1800 425 3993.

*மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நர்ஸ் வேலைக்கு ஆசை. ஒரு வருடப் படிப்பு போதும் என்று ஒரு நிலையத்தில் சொல்கிறார்கள்.*
– வாசகர், திருவொற்றியூர்

போதாது. பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, ஜி.என்.எம். (பொது நர்சிங் டிப்ளமோ) 3 ஆண்டு, ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு) 2 ஆண்டு. இவற்றில் ஒன்றை முடித்து தமிழ்நாடு நர்ஸுகள் கவுன்சிலில் பதிந்தால்தான் அவர் நர்ஸ். ஒரு வருடச் சான்றிதழ் வைத்துக்கொண்டு உதவியாளராகத்தான் இருக்க முடியும், சம்பளமும் அங்கேயே நிற்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த நிலையத்தின் பெயர் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும்.

அரசு வேலைக்கு ஆள் எடுப்பது 2012-ல் தொடங்கிய எம்.ஆர்.பி. எனும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். நர்ஸுகளை முதலில் தொகுப்பூதியத்தில்தான் எடுக்கிறார்கள். ‘உள்ளே ஆள் இருக்கிறது, ரெண்டு லட்சம் கொடுங்க’ என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மகளிடம் இரவு டியூட்டி பற்றியும் மனம் விட்டுப் பேசுங்கள். ரத்தம் பார்த்து மயங்குவது சில வாரத்தில் பழகிவிடும். இரவு முழுக்க நின்றபடி வேலை செய்வதற்கு உடம்பு ஒத்துழைக்க வேண்டும்.

*கல்லூரி நண்பர்கள் பத்துப் பேர் ஞாயிறுதோறும் வார்டில் பிரியாணி கொடுக்க நினைக்கிறோம்.*
– வாசகர், புளியந்தோப்பு

மனசு பெரியது, ஆனால் வார்டுக்குள் சாப்பாடு கொடுக்காதீர்கள். ஒருவர் காலை ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருப்பார். ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டு உப்பு அளந்து போகும். ஒருவருக்குச் சர்க்கரை. ஒரு பொட்டலத்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

ஆஸ்பத்திரிக்கு வேண்டியது கால்கள். ஓ.பி. சீட்டு வாங்கத் தெரியாமல் நிற்கும் முதியவர், எக்ஸ்ரே அறை தேடுகிறவர், வீல்சேர் தள்ள ஆள் இல்லாதவர், படிவம் எழுதத் தெரியாதவர். திங்கள் காலைதான் கூட்டம் மிக அதிகம், ஞாயிற்றுக்கிழமை வழக்கமான ஓ.பி. இருக்காது. டீன் பெயருக்குக் கடிதம் எழுதி, யார் யார், எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று குறிப்பிட்டு, கல்லூரி அடையாள அட்டை நகலோடு கொடுங்கள். பத்துப் பேரும் ஒரே நாளில் போவதைவிட, நாளுக்கு இருவராகப் போனால் பயன் அதிகம். ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தவணை (0, 1, 6 மாதம்) போட்டிருக்க வேண்டும். நோயாளியைப் போட்டோ எடுக்கக் கூடாது, அவர் சிரித்துக்கொண்டு நின்றாலும். காய்ச்சல், சளி இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள்.

*ரத்ததானம் செய்ய என்ன தகுதி?*
– வாசகி, எர்ணாவூர்

வயது 18 முதல் 65. எடை குறைந்தது 45 கிலோ. 350 மில்லி எடுப்பார்கள். 450 மில்லி என்றால் 55 கிலோவுக்கு மேல் வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. பச்சை குத்தியிருந்தால் ஒரு வருடம் பொறுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். மயக்கம் வருவது பெரும்பாலும் அதனால்தான்.

பண்டிகை நாளில் ஒரே முகாமில் நூறு பேர் கொடுப்பதைவிட, வருடம் முழுக்கப் பிரித்துக் கொடுப்பது நல்லது. தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். டெங்கு மாதத்தில் தவிப்பது அதற்காகத்தான்.

*அம்மா கண்தானம் செய்யச் சொல்லியிருக்கிறார். சர்க்கரை உண்டு, கண்புரை ஆபரேஷனும் ஆகிவிட்டது. எடுப்பார்களா?*
– வாசகர், தண்டையார்பேட்டை

எடுப்பார்கள். தேவை கருவிழிதான். இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அதனால் உடனே கண் வங்கிக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், காற்றில் கருவிழி காய்ந்துவிடும். எடுத்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகாது, முகமும் மாறாது. வீட்டுக்கே வருவார்கள்.